வங்கி இருப்பில் நம்முடையது எவ்வளவு? சிறிய தொண்டு நிறுவனத்துக்குக் கணக்கு மென்பொருள் தேர்ந்தெடுப்பது

ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் 5,40,000 இருக்கிறது. இந்த மாதம் வாடகைக்கும் சம்பளத்துக்கும் 80,000 வேண்டும். தாராளமாகக் கொடுக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் நூலகத் திட்டத்துக்கென்று வந்த 4,00,000-இல் இதுவரை 1,20,000தான் செலவாகியிருக்கிறது. மீதி 2,80,000 அந்தத் திட்டத்தின் பணம். கல்வி உதவித்தொகைக்கென்று வந்த 3,00,000-இல் 90,000 போக 2,10,000 நிற்கிறது. இரண்டையும் கூட்டினால் 4,90,000. நிறுவனம் தன் விருப்பப்படி எடுத்துச் செலவழிக்கக்கூடியது வெறும் 50,000. வங்கியில் பணம் கிடக்கிறது, சம்பளத்துக்கு 30,000 குறைகிறது.

எந்தத் தேதியைக் கொடுத்துக் கேட்டாலும், யாரும் காகிதத்தில் கூட்டிக் கழிக்காமல், இந்த 50,000-ஐச் சொல்லத் தெரிந்ததுதான் தொண்டு நிறுவனத்துக்கான கணக்கு மென்பொருள். திரையின் அழகு, கைபேசிச் செயலி, வண்ண வரைபடம் எல்லாம் அப்புறம். தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் விலைப் பட்டியலையும் வசதிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ‘நன்கொடை நிர்வாகம் உண்டு’, ‘திட்டவாரி அறிக்கை உண்டு’ என்று இரண்டிலும் டிக் போட்டிருக்கும். ‘உண்டு’ என்பதற்குள் எவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்பது முதல் நிதியாண்டு முடியும்போதுதான் வெளியே வரும்.

ஆண்டு மாறும்போது

பொதுவான வணிக மென்பொருள் எல்லாமே லாப நட்டத்தை மையமாக வைத்துக் கட்டப்பட்டவை. ஆண்டுக் கடைசியில் வருமானத் தலைப்புகளும் செலவுத் தலைப்புகளும் பூஜ்யமாகி, வித்தியாசம் முழுவதும் ஒரே ஒரு உபரிக் கணக்கில் போய் விழும். வணிகத்துக்கு அது போதும். லாபம் யாருடையது என்ற கேள்வியே அங்கே இல்லை.

மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு 9,00,000 முதல் ஆண்டிலேயே மொத்தமாக வந்துவிட்டது, ஆண்டுக்கு 3,00,000 செலவு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு அறிக்கையில் அந்தத் திட்டம் 6,00,000 உபரி காட்டும். இரண்டாம் ஆண்டு வரவு பூஜ்யம், செலவு 3,00,000. அறிக்கை சிவப்பு எழுத்தில் நட்டம் என்று சொல்லும். நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் பதறுவார். உண்மையில் எந்த நட்டமும் இல்லை. முந்தைய ஆண்டிலிருந்து வந்த 6,00,000 தொடக்க இருப்பை மென்பொருள் பொது உபரியில் கலந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே சோதனைப் பதிப்பை இறக்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. இரண்டு நிதிகளை (ஒரு நோக்கத்துக்கென்று வந்து, தனியாகக் கணக்கு வைக்க வேண்டிய பணம்) உருவாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வரவும் ஒரு செலவும் போட்டு, ஆண்டை முடித்து, அடுத்த ஆண்டின் முதல் தேதிக்கு நிதிவாரி இருப்பைக் கேளுங்கள். இருப்பு வந்தால் மேலே பார்க்கலாம். வரவில்லை என்றால் அது பயனற்ற மென்பொருள் என்று அர்த்தமில்லை. அந்த இருப்பை எப்படித் தக்கவைப்பது என்று நீங்களே ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும். விற்பனையாளரிடம் ‘திட்டவாரி அறிக்கை வருமா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் வரும் என்பார்கள். ‘திட்டவாரி தொடக்க இருப்பும் முடிவு இருப்பும் ஒரே அறிக்கையில் வருமா’ என்று கேளுங்கள்.

மென்பொருள்கள் இதை மூன்று விதமாகக் கையாளுகின்றன. ஆப்லோஸ் போல நிதிக் கணக்கியலுக்கென்றே எழுதப்பட்டவற்றில் நிதி குறிப்பிடாமல் பதிவையே போட முடியாது; ஒவ்வொரு நிதியும் தன்னளவில் பற்று (டெபிட்), வரவு (கிரெடிட்) சமமாக நிற்கும். இரண்டாவது வகையில் வழக்கமான வணிகக் கணக்கின் மேல் ஒரு கூடுதல் அடையாளம் ஒட்டப்படும். டேலியில் அதற்குப் பெயர் காஸ்ட் சென்டர், குவிக்புக்ஸில் கிளாஸ், ஸீரோவில் டிராக்கிங் கேட்டகரி, இஆர்பிநெக்ஸ்டில் அக்கவுண்டிங் டைமன்ஷன், ஓடூவில் அனலிட்டிக் அக்கவுண்ட். பெயர் எதுவானாலும் இயல்பாக இந்த அடையாளம் வருமான, செலவு வரிகளில்தான் ஒட்டும். வங்கி வரியிலும் உபரிக் கணக்கிலும் ஒட்டாது. அதனால்தான் இருப்பு தொலைகிறது. மூன்றாவது வகை, எந்த அடையாளமும் இல்லாமல் பேரேட்டுத் தலைப்புகளை மட்டும் அடுக்கடுக்காகக் கட்டிக்கொள்வது.

இரண்டாவது வகையை வைத்துக்கொண்டே இருப்பைக் காப்பாற்ற எளிய வழி ஒன்று உண்டு. மூலதனப் பகுதியில் கொடுத்தவர் சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்கக்கூடிய, அதாவது கட்டுப்படுத்தப்பட்ட, ஒவ்வொரு நிதிக்கும் ஒரு தலைப்பு தொடங்குங்கள்: நூலக நிதி, உதவித்தொகை நிதி என்று. ஆண்டு முடிந்ததும் அடையாளவாரி அறிக்கையை எடுத்து, வரவு கழித்தல் செலவு எவ்வளவு என்று பாருங்கள். முதல் ஆண்டில் நூலகத்துக்கு 2,80,000 மீதி என்றால், பொது உபரிக் கணக்கில் பற்று 2,80,000, நூலக நிதியில் வரவு 2,80,000 என்று ஒரு ஜர்னல் (பணம் கைமாறாமல் கணக்குக்குள் மட்டும் தொகையை மாற்றும் பதிவு) போடுங்கள். அடுத்த ஆண்டு புது வரவு எதுவும் இல்லாமல் 2,00,000 செலவானால், நூலக நிதியில் பற்று, பொது உபரியில் வரவு. நூலக நிதியில் 80,000 நிற்கும். நிதிக்கு ஆண்டுக்கு ஒரு ஜர்னல், அவ்வளவே. ஆண்டின் நடுவே இருப்பு வேண்டுமானால், நிதித் தலைப்பில் உள்ள தொடக்கத் தொகையோடு அன்றுவரைக்குமான அடையாள அறிக்கையின் நிகரத் தொகையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சில ஆடிட்டர்கள் வேறு முறை கேட்பார்கள். செலவாகாத மானியத்தை வருமானமாகவே காட்டாமல் பொறுப்பாக (இன்னும் தீர்க்க வேண்டிய கடன் மாதிரி) வைத்து, செலவாகச் செலவாக வருமானத்துக்கு மாற்றச் சொல்வார்கள். எந்த முறை என்பதை உங்களுக்குப் பொருந்தும் கணக்கியல் விதிகளும் ஆடிட்டரும்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மென்பொருளை அமைத்த பிறகு கேட்காதீர்கள். பாதி ஆண்டில் முறை மாறினால் அதுவரை போட்ட ஒவ்வொரு மானியப் பதிவையும் திருப்பிப் போட வேண்டும்.

தலைப்பு வேறு, நிதி வேறு

மென்பொருள் நல்லதாக இருந்தும் கணக்கு குழம்பிப் போவதற்குப் பெரும்பாலும் தலைப்புப் பட்டியல்தான் காரணம். ‘பயணம் – நூலகம்’, ‘பயணம் – உதவித்தொகை’, ‘பயணம் – பொது’ என்று ஒவ்வொரு நிதிக்கும் தனித்தனித் தலைப்பு தொடங்குவார்கள். 12 செலவுத் தலைப்பு, 5 நிதி என்றால் 60 தலைப்பு. அதில் திட்டம், நிர்வாகம், நிதி திரட்டல் என்று பிரித்தால் 180. பதிவு போடுகிறவர் பட்டியலில் தேடிக் களைத்துப்போய் முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுப்பார். ஆறு மாதத்தில் அந்தக் கணக்கை யாராலும் நம்ப முடியாது.

தலைப்பு என்பது எதற்குச் செலவானது என்று சொல்ல வேண்டும்: பயணம், அச்சு, சம்பளம். நிதி என்பது யார் கொடுத்த பணம் என்று சொல்ல வேண்டும். செயல்பாடு என்பது எந்த வேலைக்காக என்று சொல்ல வேண்டும். மூன்றும் மூன்று தனிக் கேள்விகள். ஒரே வரியில் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத மென்பொருள் இடம் கொடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் குறைந்தது இரண்டு கூடுதல் அடையாளம் தேவை. ஸீரோவில் ஒரே சமயத்தில் இரண்டு டிராக்கிங் கேட்டகரிதான் செயலில் இருக்க முடியும். நிதிக்கும் செயல்பாட்டுக்கும் அதோடு தீர்ந்துவிடும், கிளைவாரியாகவும் பிரிக்க வேண்டுமென்றால் இடமில்லை. குவிக்புக்ஸ் ஆன்லைனில் கிளாஸும் லொகேஷனும் மேல்நிலைச் சந்தாக்களில்தான் வரும், கடைநிலைச் சந்தாவின் விலையைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாற்றம்தான். டேலியில் காஸ்ட் கேட்டகரியைத் திறந்துவிட்டால் ஒரே தொகையை நிதிவாரியாகவும் செயல்பாட்டுவாரியாகவும் இணையாகப் பிரிக்கலாம். இஆர்பிநெக்ஸ்டில் ஒரு டைமன்ஷனை லாப நட்டப் பதிவுகளுக்கும் இருப்புநிலைப் (சொத்து, பொறுப்பு) பதிவுகளுக்கும் கட்டாயம் என்றே வைக்க முடியும். இந்தக் ‘கட்டாயம்’ என்ற வசதியை அவசியம் தேடுங்கள். நிதி குறிப்பிடாத ஒரு வவுச்சரைக்கூட மென்பொருள் ஏற்றுக்கொள்ளும் என்றால், ஆண்டுக் கடைசியில் ‘குறிப்பிடப்படாதது’ என்ற வரியில் ஒரு பெரிய தொகை உட்கார்ந்திருக்கும். அதைப் பிரிக்கப் பழைய ரசீதுகளைத் தோண்ட வேண்டிவரும்.

சின்ன நிறுவனத்துக்கு 40 முதல் 60 தலைப்புகள் தாராளம். மானியம் கொடுப்பவர் தன் படிவத்தில் ‘சமூகத் திரட்டல் செலவு’ என்று ஒரு வரி வைத்திருக்கிறார் என்பதற்காக அந்தப் பெயரில் தலைப்பு தொடங்காதீர்கள். அவர் வரிக்கு உங்கள் எந்தெந்தத் தலைப்புகள் சேரும் என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும்.

எக்செல் எங்கே உடைகிறது

மாதத்துக்கு முப்பது நாற்பது பதிவு, ஒரே வங்கிக் கணக்கு, ஒன்றிரண்டு நிதி என்றால் அட்டவணைத் தாளே போதும் என்பது எங்கள் கருத்து. தேதி, வவுச்சர் எண், பெற்றவர் அல்லது கொடுத்தவர், விவரம், தலைப்பு, நிதி, செயல்பாடு, வரவு, செலவு, வங்கியா ரொக்கமா என்று பத்து நிரல். ஒரு பதிவுக்கு ஒரு வரி. நடுவில் காலி வரியோ துணைக் கூட்டலோ கூடாது. தலைப்பும் நிதியும் கீழிறங்கும் பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும்படி பூட்டிவிடுங்கள். மேலே, தலைப்புவாரியாகவும் நிதிவாரியாகவும் கூட்டிக் காட்ட ஒரு பிவட் டேபிள். இதை ஒழுங்காக ஓர் ஆண்டு நடத்திய நிறுவனம் பிறகு எந்த மென்பொருளுக்கும் சிரமமில்லாமல் மாறும், ஏனென்றால் அந்தப் பத்து நிரலும் அப்படியே உள்ளே ஏறும்.

அது உடையும் இடம் கூட்டல் பிழையில் அல்ல. ஒவ்வொரு மானியத்துக்கும் தனித்தனிக் கோப்பு வைக்கத் தொடங்கும்போதுதான் உடைகிறது. அலுவலக வாடகை 20,000. நூலகக் கோப்பில் அந்த வாடகை ரசீது முழுதாக ஏறும். உதவித்தொகைக் கோப்பைப் பார்க்கிற இன்னொருவர் அதே ரசீதின் நகலை அங்கேயும் முழுதாக ஏற்றுவார். இருவருக்கும் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. இரண்டு கோப்பையும் சேர்த்துப் பார்க்க யாருமில்லை, அவ்வளவுதான். ஒரே செலவை இரண்டு கொடையாளரிடம் காட்டுவது தணிக்கையில் மிகப் பெரிய குற்றச்சாட்டு, வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நிலைகூட வரும். மென்பொருளில் 20,000-க்கு ஒரே வவுச்சர்தான். அதை 50, 30, 20 விழுக்காடு என்று மூன்று நிதிக்குப் பிரித்தால் கூட்டல் 20,000-ஐத் தாண்ட முடியாது. எக்செலை விடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும். விழுக்காடு எந்த அடிப்படையில் வந்தது, இருக்கைகளின் எண்ணிக்கையா வேலை நேரமா, என்பதை மட்டும் எழுதி, நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வரும் இப்படிப்பட்ட பிரிவுகளை வார்ப்புருவாகச் சேமித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இலவசம், பழக்கம், ஆள்

க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருள் முழுக்க இலவசம், ஒழுங்கான இரட்டைப் பதிவு முறை, வங்கிச் சரிபார்ப்புக்கு நல்ல திரை. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கோப்பைத் திறக்கலாம். தரவை எக்ஸ்எம்எல் கோப்பில் வைத்தாலும் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்தாலும் இதே நிலைதான். ஆளுக்கொரு கடவுச்சொல், ஆளுக்கொரு அனுமதி என்பது கிடையாது. பழைய பதிவையும் மாற்றலாம், அழிக்கலாம். இத்தனை நாளுக்கு முந்தைய பதிவுகளைத் தொட முடியாது என்று ஒரு வரம்பு வைக்க மட்டும் அமைப்பில் வழியுண்டு, அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். ஒரே பொருளாளர், ஒரே கணினி, ஆண்டுக்கு ஒரு தணிக்கை என்ற நிறுவனத்துக்கு இது தாராளமாகப் போதும். இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து பதிவு போட வேண்டுமென்றால் ஒத்துவராது. கோப்பை ஒத்திசைவுக் கோப்புறையில் போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். இருவரும் ஒரே நாளில் திறந்தால் ‘முரண்பட்ட நகல்’ என்று இரண்டாவது கோப்பு உண்டாகும், பாதிப் பதிவு ஒன்றில், பாதி மற்றதில் இருக்கும்.

இஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூலம், வசதிகள் அதிகம். சொந்தச் சர்வரில் வைத்தால் உரிமக் கட்டணம் இல்லை, ஆனால் அந்தச் சர்வரைப் புதுப்பித்து, பேக்கப் எடுத்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஒரு தன்னார்வலர் என்றால், அவர் வேலை மாறிப் போன பிறகு என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள். லெட்ஜர், பீன்கவுண்ட் மாதிரி வெறும் உரைக் கோப்பில் கணக்கு எழுதும் கருவிகளையும் நிரல் எழுதத் தெரிந்த நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பரிந்துரைப்பார். அவை அருமையான கருவிகள்தாம். அவருக்குப் பின் அந்தக் கணக்கைத் தொட ஆளிருக்காது.

நிறையத் தொண்டு நிறுவனங்களில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு பொருளாளர் மாறுகிறார். அதனால் வசதிகள் குறைவாக இருந்தாலும், உங்கள் ஆடிட்டருக்குத் தெரிந்த, பகுதிநேரக் கணக்காளர்கள் எளிதாகக் கிடைக்கிற மென்பொருளே பெரும்பாலும் சரியான தேர்வு. இருபது வசதியுள்ள புதுமையான ஒன்றைவிட, பத்து வசதியோடு பத்துப் பேருக்குத் தெரிந்தது மேல். ஆடிட்டரிடம் ‘எது நல்லது’ என்று கேட்டால் அவர் பழகியதைச் சொல்வார். ‘எந்த வடிவில் தரவு கொடுத்தால் உங்களுக்கு வேலை குறையும்’ என்று கேட்டால் உபயோகமான பதில் கிடைக்கும்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. ஆள் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்றால், பார்க்க மட்டும் வரும் ஆடிட்டரும் தலைவரும்கூட ஒரு ஆள் கணக்கில் வருவார்களா என்று கேளுங்கள். கட்டணத்தை மிச்சப்படுத்த எல்லோரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதோடு யார் எதை மாற்றினார் என்ற தடயம் முழுவதும் போய்விடும். தொண்டு நிறுவனச் சலுகை விலை உண்டா என்று நிறுவனத்திடமும், தொண்டு நிறுவனங்களுக்குச் சலுகையில் மென்பொருள் கிடைக்க உதவும் டெக்சூப் போன்ற அமைப்புகளிலும் விசாரிக்கலாம். சலுகை முதல் ஆண்டுக்கு மட்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சந்தாவை நிறுத்திய பின் பழைய கணக்கைத் திறந்து பார்க்க முடியுமா, எத்தனை காலம் என்பது விலையைவிட முக்கியம், கணக்குப் புத்தகங்களைப் பல ஆண்டு வைத்திருக்க வேண்டிய கடமை உங்களுடையது.

வங்கி அறிக்கை உள்ளே வரும்போது

வங்கியிலிருந்து பரிவர்த்தனைகளை இறக்கி ஏற்றிக்கொள்வது நேரத்தை மிச்சமாக்கும், கவனிக்காவிட்டால் கெடுத்தும் வைக்கும். வங்கிப் பரிவர்த்தனைகளைப் பரிமாறுவதற்கென்றே உள்ள ஓஎஃப்எக்ஸ் வடிவக் கோப்பில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். அதே பரிவர்த்தனை மறுபடி வந்தால் மென்பொருளால் கண்டுபிடிக்க முடியும். காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பான சிஎஸ்வியில் அப்படியொன்று பொதுவாக இருக்காது. மாதம் 1 முதல் 20 வரை ஒரு தடவை, 15 முதல் 31 வரை இன்னொரு தடவை இறக்கினால் நடுவிலுள்ள ஆறு நாளும் இரட்டையாகும். அடுத்தது தேதி. நாள்/மாதம் என்று வங்கி எழுதியதை மாதம்/நாள் என்று மென்பொருள் படித்தால், 5-ஆம் மாதம் 3-ஆம் தேதி 3-ஆம் மாதம் 5-ஆம் தேதியாகிவிடும். 12-ஆம் தேதிக்கு மேல் உள்ளவை பிழை என்று நிற்கும், அல்லது சரியாகவே ஏறும். அதனால் பாதி சரியாக இருப்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவார்கள். முதல் தடவை ஏற்றும்போது 12-க்கு உட்பட்ட ஒரு தேதியைத் தேடிப் பாருங்கள்.

இணையவழி நன்கொடையில் வேறொரு சிக்கல். பத்துப் பேர் ஆளுக்கு 1,000 கொடுத்தார்கள். கட்டணத் தளம் 250 பிடித்துக்கொண்டு 9,750-ஐ ஒரே தொகையாக வங்கியில் போடுகிறது. 9,750-ஐ நன்கொடை என்று எழுதினால், நீங்கள் கொடுத்த ரசீதுகளின் கூட்டலும் கணக்கிலுள்ள நன்கொடையும் ஒருநாளும் ஒத்துப்போகாது. கட்டணத் தளத்தின் பெயரில் ஓர் இடைநிலைக் கணக்கு வையுங்கள். நன்கொடை 10,000 அதில் ஏறட்டும். சேவைக் கட்டணம் 250, வங்கிக்குப் போன 9,750 இரண்டும் அதிலிருந்து இறங்கட்டும். மாதக் கடைசியில் அந்தக் கணக்கில் நிற்கும் தொகை, தளத்தில் இன்னும் வங்கிக்கு வராமல் இருக்கும் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும்.

நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் ஒரு கணக்கு தொடங்க வேண்டாம். 800 பேர் சேர்ந்ததும் பட்டியல் நீண்டு, திரையில் எதையும் எளிதாகத் தேட முடியாது. அவர்கள் பட்டியலும் ரசீதும் சிவிசிஆர்எம் போன்ற தனி நிரலிலோ ஒரு தனித் தாளிலோ இருக்கட்டும். கணக்கில் அன்றைய மொத்தம், நிதிவாரியாக ஒரு பதிவு. மாதத்துக்கு ஒரு முறை இரண்டு மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

அழித்துப் பாருங்கள்

சோதனைப் பதிப்பில் ஒரு வவுச்சரைப் போட்டு, சேமித்து, அழித்துவிடுங்கள். பிறகு பாருங்கள்: எண் வரிசையில் இடைவெளி தெரிகிறதா? யார், எப்போது அழித்தார் என்று எங்காவது பதிவாகியிருக்கிறதா? இஆர்பிநெக்ஸ்டில் சமர்ப்பித்த பதிவைத் திருத்த முடியாது, ரத்து செய்து புதிதாகத்தான் போட வேண்டும், ரத்தானது அங்கேயே தெரியும். டேலிபிரைமில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் எடிட் லாக் என்ற பதிவு உண்டு. சில மென்பொருளில் அழித்தது சுத்தமாகக் காணாமல் போகும், எண்கூட மறுபடி வேறொன்றுக்குப் போய்விடும்.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது பூட்டுத் தேதி, அதாவது ஒரு தேதிவரை உள்ள பதிவுகளை மாற்ற முடியாமல் செய்யும் வசதி. ஆடிட்டர் கையெழுத்திட்ட அறிக்கையில் சென்ற ஆண்டு முடிவு இருப்பு 12,45,300. ஆறு மாதம் கழித்து அதே தேதிக்கு அதே அறிக்கையை எடுத்தால் 12,41,800 வருகிறது. யாரும் திருடவில்லை. தவறான தேதியில் இருந்த 3,500 வவுச்சர் ஒன்றை யாரோ நல்லெண்ணத்தோடு பழைய ஆண்டுக்கு நகர்த்தியிருக்கிறார். இந்த ஆண்டின் தொடக்க இருப்பு இப்போது தணிக்கை அறிக்கையோடு பொருந்தாது. குழு ஒவ்வொரு காலாண்டுக் கணக்கையும் ஏற்ற அன்றே அந்தத் தேதி வரை பூட்டுவது, பூட்டைத் திறக்கும் அனுமதி பதிவு போடுகிறவருக்கு இல்லாமல் இருப்பது, இரண்டும் வேண்டும். பிழை இருந்தால் நடப்புக் காலத்தில் எதிர்ப்பதிவு போட்டுத் திருத்தலாம்.

கணினியிலேயே ஓடும் மென்பொருள் என்றால் பேக்கப் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்காத வரை அதை பேக்கப் என்று கணக்கில் வைக்காதீர்கள். மேகச் சேவை என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பேரேட்டையும் சிஎஸ்வியாக, இருப்பாய்வையும் (டிரையல் பேலன்ஸ்) இருப்புநிலைக் குறிப்பையும் (பேலன்ஸ் ஷீட்) பிடிஎஃப்ஆக இறக்கி வையுங்கள். ஏற்றுமதிக் கோப்பைத் திறந்து பாருங்கள். இணைத்த கட்டங்களும் நடுநடுவே துணைக் கூட்டலுமாக அலங்காரமாக வந்தால் அதனால் பயனில்லை. ஒரு பதிவுக்கு ஒரு வரி, தலைப்பும் நிதியும் தனி நிரலில் என்று வந்தால்தான் கொடையாளரின் விநோதமான படிவங்களுக்கு அதிலிருந்து எண்களை எடுக்க முடியும். மானிய ஆண்டு உங்கள் நிதியாண்டோடு பெரும்பாலும் பொருந்தாது. 9-ஆம் மாதம் தொடங்கி அடுத்த ஆண்டு 8-ஆம் மாதம் முடியும் மானியத்துக்கு வரவுசெலவுத் திட்டத்தையும் உண்மைச் செலவையும் ஒப்பிட நிறைய மென்பொருளால் முடியாது. அந்தக் குறையை நல்ல ஏற்றுமதி ஈடுகட்டிவிடும் என்பதால் அதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்க வேண்டாம்.

ஒரு பழைய மாதத்தை வைத்துச் சோதனை

விற்பனையாளரின் செயல்விளக்கத்தில் எல்லாம் அழகாகத்தான் நடக்கும், அவர் மாதிரித் தரவில் சிக்கலான பதிவு எதுவும் இருக்காது. இறுதிப் பட்டியலில் நிற்கும் இரண்டு மென்பொருளிலும் உங்கள் பழைய மாதம் ஒன்றின் பதிவுகளைப் போட்டுப் பாருங்கள். அதில் இவை கட்டாயம் இருக்கட்டும்: மூன்று நிதிக்குப் பிரிக்கும் வாடகை; ஊழியருக்குக் கொடுத்த முன்பணமும் அவர் ரசீதோடு கணக்கு முடித்து மீதியைத் திருப்பியதும்; திரும்பி வந்த காசோலை; கட்டணத் தளத்திலிருந்து வந்த மொத்தத் தொகை; பொருளாக வந்த நன்கொடை; தவறான நிதியில் எழுதியதை மாற்றுவது; பொது நிதி நூலக நிதியிலிருந்து 30,000 கைமாற்றாக எடுத்தது. இந்தக் கடைசியை வெறும் இடமாற்றமாக எழுதினால் கடன் என்பதே மறைந்துவிடும். பொது நிதி கொடுக்க வேண்டியது, நூலக நிதிக்கு வர வேண்டியது என்று இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். கொடையாளரின் ஒப்பந்தம் அப்படி எடுக்க அனுமதிக்கிறதா என்பது முதலில் பார்க்க வேண்டிய வேறு விஷயம்.

பதிவுகளை நீங்கள் போடாதீர்கள். நாளை தினமும் அதில் உட்காரப் போகிறவர் போடட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து எங்கே தயங்குகிறார் என்று மட்டும் கவனியுங்கள். முடித்ததும் அவரிடம் நான்கு அறிக்கை கேளுங்கள்: நிதிவாரி இருப்பு, ஒரு நிதியின் முழுப் பதிவுகள், வங்கிச் சரிபார்ப்பு, இருப்பாய்வு. உதவி கேட்காமல் நான்கையும் எடுத்துவிட்டால் அந்த மென்பொருள் அந்த அலுவலகத்தில் பிழைக்கும்.

மாறும் நாள்

மாறுவதற்கு உகந்த நாள் நிதியாண்டின் முதல் நாள். பழைய ஆண்டுகளின் ஒவ்வொரு பதிவையும் புதியதில் ஏற்ற முயலாதீர்கள், அந்த உழைப்புக்குப் பலனில்லை. தொடக்க இருப்புகளை மட்டும் ஏற்றுங்கள். ஆனால் தலைப்புவாரியாக மட்டும் அல்ல, நிதிவாரியாகவும். எல்லா நிதிகளின் கூட்டலும், சொத்திலிருந்து பொறுப்பைக் கழித்தால் வரும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுதிக்கொடுத்து இன்னும் வங்கியில் மாறாத காசோலைகளை ஒரே தொகையாக இல்லாமல் ஒவ்வொன்றாக ஏற்றினால்தான் முதல் மாத வங்கிச் சரிபார்ப்பு சிக்காமல் முடியும். இரண்டு மாதமாவது பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும்.

தொடக்கப் பதிவில் பற்றும் வரவும் சமமாகாவிட்டால் பல மென்பொருள் தானாகவே வித்தியாசத்தை ஒரு தற்காலிகக் கணக்கில் தள்ளிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அந்தக் கணக்கை முதல் மாதம் முடிவதற்குள் பூஜ்யமாக்குங்கள், பிறகு தேடுவது கடினம். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் எங்காவது இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. 4,520-ஐ 5,420 என்று அடித்தால் வித்தியாசம் 900. வகுபடாவிட்டால் வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஏதாவது இருப்பு இருக்கிறதா பாருங்கள், அது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கும். அதுவும் இல்லையென்றால் முழு வித்தியாசத் தொகையையே தேடுங்கள், ஒரு தலைப்பு முழுதாக விடுபட்டிருக்கும். பெரும்பாலும் அது சில்லறை ரொக்கம்.